கடவுள் காட்டிய ஓலை

திருவெண்ணெய்நல்லூர் அவையின் முன்னால் ஊன்றுகோலோடு ஒரு கிழவர் நிற்கிறார். எதிரே மணக்கோலம் கலையாத இளைஞர், நாவலூரர். புத்தூரில் சடங்கவி சிவாச்சாரியாரின் மகளை மணக்கவிருந்தவரைப் பந்தலிலேயே வழிமறித்திருக்கிறார் கிழவர். இவன் என் அடிமை, இவனுடைய பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்பது அவருடைய வழக்கு. அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாவது உண்டா, உமக்கென்ன பித்தா என்று சீறிய இளைஞர், அந்த ஓலையைப் பறித்துக் கிழித்தும் போட்டுவிட்டார். வழக்கு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவைக்கு வந்த கிழவர், கிழிபட்டது படி ஓலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார்.

அந்தக் கிழவர் சிவபெருமான் என்பதும், அந்த இளைஞர் சுந்தரர் என்பதும் தமிழ்நாட்டில் கோயிலுக்குப் போய்ப் பழகிய எல்லாருக்கும் தெரியும். தடுத்தாட்கொண்ட கதையைப் பிள்ளைப் பருவத்திலேயே கேட்டு வளர்ந்தவர்கள் அதிகம். பழக்கத்தினாலேயே அதிலுள்ள பெரிய கேள்வி கண்ணில் படாமல் போய்விடுகிறது. மூவுலகும் ஆள்பவன் என்று சைவம் போற்றும் ஒருவன், தன் உரிமையை நிலைநாட்ட ஓர் ஊரவையின் முன் ஓலையோடு ஏன் வந்து நிற்க வேண்டும்? நெற்றிக்கண்ணைக் காட்டியிருக்கலாம். அசரீரியாகப் பேசியிருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு கணக்கன் படித்துச் சரிபார்த்துச் சொல்லும் தீர்ப்புக்காக அவன் காத்திருக்கிறான்.

இந்தக் கதையை விரிவாகச் சொன்ன சேக்கிழார், இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தவர். குன்றத்தூரில் பிறந்து சோழ அரசில் அமைச்சராக உயர்ந்தவர் என்கிறது மரபு. அவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, சபை முன்னால் வன்சொல் பேசியதையும் அதனால் வன்தொண்டன் என்ற பெயர் கிடைத்ததையும் சுந்தரரே திருநாவலூர்ப் பதிகத்தில் பாடியிருக்கிறார். ஆனால் வழக்காடு மன்றத்தின் நடைமுறையை ஒவ்வோர் அடியாக எழுதியது சேக்கிழார்தான். அரசு அலுவல் தெரிந்த கை அந்தப் பாடல்களில் தெரிகிறது.

அவையோர் முதலில் சான்று கேட்கிறார்கள். காலங்காலமாக நடந்துவரும் அனுபோகம், எழுத்தில் உள்ள ஆவணம், கண்ணால் கண்ட அயலாரின் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றையாவது காட்டு என்கிறார்கள். கிழவர் மூல ஓலையை எடுத்துத் தரத் தயங்குகிறார். இவன் இதையும் கிழித்துவிட்டால்? அப்படி நடக்க விடமாட்டோம் என்று அவை உறுதி தந்த பிறகே வெளியே எடுக்கிறார். அவையின் கணக்கனான கரணத்தான் அதைத் தொழுது வாங்கி, உறையை நீக்கி, அவை கேட்கப் படிக்கிறான். எழுதிக் கொடுத்தவர் யார், யாருக்கு, எதற்காக, எந்தத் தலைமுறை வரை என்பதெல்லாம் அதில் உண்டு. சாட்சிகளின் கையெழுத்தைப் பார்க்கிறார்கள். அதுவும் போதாதென்று, பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பறையிலிருந்து வரவழைத்து, இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடுகிறார்கள். எழுத்து ஒத்துப்போகிறது. நாவலூரர் தோற்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. சுந்தரர் சாதாரண வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தவர் அல்லர். நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசர் அவரைத் தம் மகனாகவே வளர்த்தார். அரண்மனைச் செல்வாக்கு ஒருபுறம், யாரென்று தெரியாத கிழவர் மறுபுறம். இருந்தும் இந்த வழக்கில் எந்த அரசனும் தலையிடவில்லை. ஊரார் கூடி, எழுத்தைப் பார்த்து, தங்களுக்குள் பேசி முடிவெடுக்கிறார்கள். சோழப் பேரரசின் உச்சத்தில் இருந்த ஓர் அமைச்சர், அரசனே இல்லாத ஒரு நீதிமன்றத்தைக் கற்பனை செய்து, அதன் முன் இறைவனை நிறுத்தியிருக்கிறார் என்பது வியப்பான துணிவு.

ஆவணத்தின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சேக்கிழார் தம் அலுவலக வாழ்விலேயே கண்டிருக்க வேண்டும். அதை அறியச் சோழர் செப்பேடு ஒன்றைப் பார்த்தாலே போதும்.

நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசர் மாறவிசயோத்துங்கவர்மன் தம் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் நிறைவேற்றிய புத்த விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். அந்தக் கொடை ஆவணம் 21 செப்பேடுகளாக இன்றும் இருக்கிறது. நெதர்லாந்தின் லைடன் நகரப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று சேர்ந்ததால் லைடன் செப்பேடு என்று பெயர் பெற்றது. 5 ஏடுகள் வடமொழி, 16 ஏடுகள் தமிழ். வடமொழிப் பகுதி அரச குலத்தின் புகழைப் பாடுகிறது. தமிழ்ப் பகுதிதான் வேலை செய்கிறது.

அந்தத் தமிழ்ப் பகுதியைப் படிக்கும்போது, ஒரு மன்னனின் சொல் எத்தனை கைகளைக் கடந்து நிலத்தைத் தொட்டது என்று புரியும். மன்னன் வாய்திறந்து சொன்னதுதான் ஆணை. அதைக் கேட்டுத் திருமந்திர ஓலை எழுதுபவன் எழுதினான். ஓலை நாயகங்கள் அதை ஒப்பிட்டுப் பார்த்து ஒப்பம் இட்டார்கள். வரிக் கணக்கில் ஏற்றிக்கொள்ளுமாறு அதிகாரிகள் சொன்னார்கள். புரவுவரியாரும் வரிப்பொத்தகம் வைத்திருந்தவர்களும் பதிந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் யார் யார் இருந்தார்கள் என்று ஊரும் பேருமாகப் பட்டியல் நீள்கிறது. இத்தனை பேருக்கு நடுவே மன்னன் கைப்பட எழுதிய எழுத்து ஒன்றுகூட இல்லை. அவன் பேசினான், மற்றவர்கள் எழுதினார்கள்.

பிறகு அந்த ஆணை திருமுகமாக நாட்டுக்குப் போகிறது. நாட்டார் எதிர்கொண்டு சென்று, தொழுது, வாங்கித் தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பிடியானையை ஊர் எல்லை நெடுக நடத்திச் செல்கிறார்கள். யானை நடந்த வழியே எல்லை. அங்கே கல் நடுகிறார்கள், கள்ளி நடுகிறார்கள். வாய்க்கால், கரை, மேடு என்று எல்லையின் ஒவ்வொரு திருப்பமும் ஏட்டில் இருக்கிறது. 97 வேலிக்கும் சற்று மேற்பட்ட நிலம், 8,900 கலத்துக்கும் மேற்பட்ட நெல் என்று கணக்கு மிக நுண்ணிய பின்னங்கள் வரை இறங்குகிறது. கடைசியில் நாட்டார் தங்கள் பங்குக்கு ஓர் அறவோலை எழுதிக் கொடுக்கிறார்கள். அக்கம்பக்கத்து ஊர்களின் சார்பில் வந்தவர்கள், இது என் எழுத்து என்று ஒவ்வொருவராக ஒப்பம் வைக்கிறார்கள். அரண்மனையிலிருந்து கீழே இறங்கிய ஓலைக்கு ஊரிலிருந்து மேலே ஏறிய ஓலை பதிலாகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஆவணம் நிறைவு பெறுகிறது.

ஓலையைத் தலைமேல் வைப்பதைச் சடங்கு என்று தள்ளிவிட முடியாது. எழுத்தாணியால் கீறிய ஒரு பனையோலை தன்னளவில் யாரையும் எதுவும் செய்ய முடியாது. பார்ப்பவர் தலை குனிந்து வாங்கும் கணத்தில்தான் அது ஆணையாகிறது. அந்தக் குனிவுக்குப் பின்னால் பயம் உண்டு, படை உண்டு, பக்தியும் உண்டு. ஆனால் குனிபவர்கள் இல்லாமல் அது நடக்காது. நாட்டாரின் ஒப்பத்தைச் செப்பேட்டில் பதித்துவைத்த சோழ அலுவலகத்துக்கு இது தெரிந்திருந்தது.

அந்தக் குனிவைப் பெறுவதற்கு ஆவணங்கள் கையாண்ட உத்திகளில் மெய்க்கீர்த்தி முதன்மையானது. ஒரு நொந்தா விளக்கு எரிக்க 96 ஆடு கொடுத்த செய்தியானாலும், அதற்கு முன் மன்னன் எந்தெந்த நாட்டை வென்றான் என்பதைக் கேட்டே ஆகவேண்டும். வேங்கை நாடும் ஈழமும் தொலைதூரத் தீவுகளும் வரிசையாக வந்து போன பிறகுதான் ஆடு வரும். அந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடுகள் என்று எழுதினார்கள். சாகிற ஆட்டுக்கு ஈடாக வேறோர் ஆட்டை இடையர் சேர்த்துக்கொள்ள வேண்டும். கணக்கில் மட்டும் 96 என்றைக்கும் 96தான். ஆகவே விளக்கும் சூரிய சந்திரர் உள்ளவரை எரிய வேண்டும். காலத்தை நிறுத்திவைக்கும் ஆற்றல் எழுத்துக்கு உண்டு என்ற நம்பிக்கை, ஓர் ஆட்டுக் கணக்குக்குள் இவ்வளவு அழகாக அமர்ந்திருக்கிறது.

காலம் அப்படி நிற்கவில்லை. சோழர் அலுவலகங்களில் எழுதப்பட்ட அந்த மூல ஓலைகள் நமக்குக் கிடைக்கவில்லை. பனையோலை பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாகிவிட்டது. கிடைத்திருப்பவை கல்லிலும் செம்பிலும் வெட்டிய படிகள்தான். படிகளுக்கும் படிகள் உண்டு. உத்தம சோழன் காலத்தில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக எடுத்தபோது, பழைய கோயிலில் இருந்த கல்வெட்டுகளைப் புதிய சுவரில் மறுபடி வெட்டுவித்தார். அவற்றில் இது பழங்கல்லின் படி என்ற குறிப்பும் சேர்ந்தது. மூலக் கல் போய்விட்டது. படி மூலத்தின் இடத்தில் அமர்ந்து அதிகாரம் செலுத்தியது. சுந்தரர் கிழித்தது படி ஓலை என்பதால் வழக்கு பிழைத்தது. வரலாற்றிலோ மூலங்கள் எல்லாம் அழிந்து படிகளே பிழைத்திருக்கின்றன.

மூலமும் இல்லை, படியும் இல்லை என்றால்? பாண்டியர் வேள்விக்குடிச் செப்பேட்டில் அப்படியொரு வழக்கு வருகிறது. எட்டாம் நூற்றாண்டில், மதுரையில் நெடுஞ்சடையன் முன்னால் கொற்கை கிழான் நற்சிங்கன் என்பவன் உரக்க முறையிடுகிறான். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என் முன்னோருக்குத் தந்த ஊர் வேள்விக்குடி, களப்பிரர் காலத்தில் பறிபோய்விட்டது என்கிறான். நெடுஞ்சடையன் சிரித்துக்கொண்டே, ஊரின் பழமையை நாட்டார் வாயால் நிறுவிப் பெற்றுக்கொள் என்கிறான். நற்சிங்கன் நாட்டாரைக் கொண்டு நிறுவுகிறான். மன்னன் ஊரைத் திரும்பக் கொடுத்துச் செப்பேடு வெட்டுகிறான். எழுத்து இல்லாத இடத்தில் ஊரின் நினைவே ஆவணமாகிறது. திருவெண்ணெய்நல்லூர் அவை கேட்ட மூன்று சான்றுகளை இந்த வழக்கின் அருகில் வைத்துப் பார்த்தால், சேக்கிழார் வானத்திலிருந்து எதையும் பறித்துக்கொண்டு வரவில்லை என்று தெரியும்.

மன்னனின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதையும் இந்த ஆவணங்களே காட்டிக் கொடுக்கின்றன. உயிரோடிருக்கும் வரை அவனுடைய சொல்லுக்கு எதிர்ப்பேச்சு இல்லை. இறந்த பிறகு? அடுத்து வருபவன் கேட்பானா? அதனால்தான் கல்வெட்டுகளின் இறுதியில் தொனி மாறுகிறது. இந்தத் தருமத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் என்ற பொருள்பட ஒரு வாசகம் வருகிறது. அழிப்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்பது போன்ற சாபமும் பிற்காலக் கல்வெட்டுகளில் உண்டு. நாட்டார் மன்னனின் ஓலையைத் தலையில் வைத்தார்கள். கொடை தந்தவனோ, இன்னும் பிறக்காத யாரோ ஒருவனின் காலைத் தன் தலையில் வைக்கிறான். வாளும் படையும் எட்டாத வருங்காலத்துக்கு எழுத்தை மட்டுமே அனுப்ப முடியும். அங்கே அதற்குத் துணை பாவமும் புண்ணியமும்தான். அரசியல் ஆவணத்துக்குள் சமயம் நுழையும் வாசல் இதுவே.

ஆனைமங்கலக் கொடைக்கு இந்தச் சோதனை நேரடியாகவே வந்தது. இராசராசன் வாய்ச்சொல்லாகத் தந்ததைச் செம்பில் வெட்டுவித்து, புலியும் இரு கயலும் வில்லும் பொறித்த முத்திரையோடு நிலைக்கச் செய்தவன் அவன் மகன் இராசேந்திரன். அதே இராசேந்திரன் 1025ஐ ஒட்டிக் கடாரத்தின்மேல் கப்பற்படை அனுப்பி அந்த நாட்டு அரசனை வென்றான். விகாரத்தை எழுப்பிய அரசமரபு பகையாகிவிட்டது. அதற்கென்று விட்ட ஊர் என்னவாகும்? 1090 அளவில் முதலாம் குலோத்துங்கன், கடாரத்துத் தூதர்கள் கேட்டுக்கொண்டபடி அந்த விகாரத்துக்குரிய ஊர்களின் வரிவிலக்கை உறுதிசெய்து மீண்டும் செப்பேடு தந்தான். அது மூன்றே ஏடுகள் கொண்ட சிறிய லைடன் செப்பேடு. போர் வந்து போனது. எழுதியது நின்றது.

இவ்வளவு வலிமை எழுத்துக்கு இருப்பதைக் கண்ட சமயம், கடவுளையும் எழுத வைத்தது. பதினோராம் திருமுறையின் முதற்பகுதி திருமுகப் பாசுரம். மதுரை ஆலவாய் இறைவனே சேரமான் பெருமாளுக்கு எழுதிய கடிதம் என்பது மரபு. பாணபத்திரர் என்ற இசைவாணருக்குப் பொருள் கொடுத்தனுப்பு என்பதுதான் செய்தி. ஆனால் அது அரசாணையின் முறைப்படியே அமைந்திருக்கிறது: அனுப்புபவரின் ஊர்ப் பெருமை முதலில், பெறுபவரின் புகழ் அடுத்து, கொண்டுவருபவரைப் பற்றிய அறிமுகம் அதன் பின், ஆணை கடைசியில். சேரமானும் அதைத் தலைமேல் வைத்துக் கூத்தாடினார் என்கிறது பெரிய புராணம். திருவாசகத்துக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. மாணிக்கவாசகர் சொல்லச் சொல்லத் தில்லைக் கூத்தன் ஏட்டில் எழுதி, முடிவில் தன் ஒப்பமும் இட்டு வைத்துவிட்டுப் போனான். ஊர்க் கணக்கன், இது என் எழுத்து என்று முடிப்பானே, அதே முறையில்.

கோயில் நிர்வாகத்தில் இது கதையாகவும் நிற்கவில்லை. சிவன் கோயில் நிலத்தை வாங்குவதும் விற்பதும் சண்டேசுவரர் பெயரில் நடந்தன. பிற்காலச் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் சண்டேசுவரன் ஓலை என்ற தலைப்போடு ஆணைகள் வெளிவந்தன. கோயில் கணக்கர்கள் எழுதினார்கள். ஆணையிட்டவர் இறைவன் என்று ஊர் ஏற்றுக்கொண்டது. மனிதர்கள் எடுத்த முடிவு கடவுளின் ஓலையாக வெளிவரும்போது அதை மறுத்துப் பேச யாருக்குத் துணிவு வரும்? சுந்தரருக்கு வந்தது. அதற்குக் காரணம், தமக்கு முன்னால் இருப்பது கடவுளின் ஓலை என்று அவருக்குத் தெரியாததுதான்.

கதையின் கூர்மையான முனை இங்கேதான் இருக்கிறது. இறைவன் தன் பிடிக்குத் தேர்ந்தெடுத்தது நிலக்கொடை ஓலையோ திருமுகமோ இல்லை. மனிதர் எழுதிய ஆவணங்களிலேயே மிகக் கொடிய வகையான ஆளோலையை, ஒருவரை அடிமையாக்கும் எழுத்தைத் தேர்ந்தெடுத்தான். பாட்டன் போட்ட கையெழுத்து பேரனைக் கட்டுமா? பிறக்காதவன் சார்பில் யார் ஒப்பமிட முடியும்? சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. உயிர் என்றைக்குமே இறைவனின் உடைமை; ஓலை அந்தப் பழைய உண்மையை நினைவூட்ட வந்த கருவி மட்டுமே. சேக்கிழார் இன்னும் நெருக்கமான ஒரு விடையும் தருகிறார். கயிலையில் ஆலால சுந்தரராக இருந்தபோது, மண்ணுலகில் நான் மயங்கும்போது தடுத்து ஆட்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர் சுந்தரரே. அப்படியானால் மூல ஓலைக்கும் மூலமாக ஒரு வாய்ச்சொல் இருக்கிறது. மன்னனின் வாய்ச்சொல் ஓலையானது போல, அடியவரின் வேண்டுகோள் இறைவன் கையில் ஓலையாகித் திரும்பி வந்திருக்கிறது. கட்டுண்டவர் தாமே கேட்ட கட்டு அது.

பக்தி அனுபவத்துக்கு அந்த விடை போதும். வரலாற்றுக்குப் போதாது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201இல், திருப்பாம்புரத்தில் பஞ்சம். ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற கொடுங்காலம். வேளாளர் ஒருவர் தம்மையும் தம் இரண்டு பெண்களையும் 110 காசுக்கு அவ்வூர்க் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பெரிய புராணம் அரங்கேறிச் சுமார் அரை நூற்றாண்டு கடந்த காலம் அது. சுந்தரரை ஆட்கொண்ட அதே வகை எழுத்து, அதே சிவன் பெயரில், பசித்த ஒரு குடும்பத்தை ஆட்கொண்டது.

இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சுந்தரருக்கும் நியாயம் ஆகாது, அந்தக் குடும்பத்துக்கும் நியாயம் ஆகாது. சுந்தரரின் வழக்கில் எதிர்த்துப் பேச வாய் இருந்தது. கிழித்தெறியக் கை இருந்தது. கிழித்ததற்காக யாரும் தண்டிக்கவும் இல்லை. சான்று கேட்கும் அவை இருந்தது, ஒப்பிட்டுப் பார்க்கக் காப்பறையில் இன்னோர் ஓலை இருந்தது. எதிர்வழக்காடியவர் அத்தனைக்கும் பொறுமையாக உட்பட்டார். எல்லாம் வல்ல ஒருவன் சான்று காட்டும் கடமையைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டது அந்த வழக்கில்தான். திருப்பாம்புரத்தில் காசு கொடுத்தது கோயில், ஆவணம் எழுதியவர்கள் கோயிலைச் சார்ந்தவர்கள், அதைக் காத்து வைத்ததும் கோயில் சுவர். அந்த இரண்டு பெண்களின் பக்கம் நின்று, இவர்கள் சம்மதத்துக்கு என்ன சான்று என்று கேட்டவர்கள் யாரும் அந்தக் கல்வெட்டில் இல்லை.